ஒரே ஷெல், ஒரே காயம், ரெண்டு வாழ்க்கை: யாழ்ப்பாணத்தில ஒரு நிகழ்வு ஆய்வு

ரெண்டு பேருக்கும் காயம் பட்டது ஒரே ஷெல்லில. 2009 தொடக்கத்தில, சண்டை முடியப் போற காலம், வன்னியில, பங்கருக்கு வெளியில உலை வைச்சுக்கொண்டு நிண்ட நேரம். அண்ணனுக்கு இடது கால், தங்கச்சிக்கு வலது கால், ரெண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழ எடுத்தது. ஒரே தாய் தேப்பன், ஒரே சாதி, ஒரே ஊர், ரெண்டு பேரும் ஓ.எல் வரைக்கும் படிச்சவை, பேந்து செயற்கைக் கால் செய்து போட்டதும் யாழ்ப்பாணத்தில ஒரே இடத்தில. ஆனா இண்டைக்கு ரெண்டு பேற்ற வாழ்க்கையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எண்டு சொல்ல மாட்டியள்.

நான் ஃபோர்ம் நிரப்பிக் குடுக்கிறது, ஒபிஸுகளுக்குக் கூட்டிக்கொண்டு போறது, கடிதம் எழுதிறது மாதிரி வேலை செய்யிற ஒரு சின்ன அமைப்பில இருக்கிறன். இவை ரெண்டு பேரையும் கன வருசமாத் தெரியும். எழுதச் சம்மதம் தந்தவை, ஊர் பேர், ஆள் பேர், அடையாளம் பிடிபடக்கூடிய சில விசயங்களை விட்டும் மாத்தியும் இருக்கிறன்.

எழுதிறதுக்குக் காரணம் இதுதான். சமத்துவமின்மை எண்டு கதை தொடங்கினால் எங்கட ஆக்கள் உடன கொழும்பைப் பாப்பினம், அதில பிழை இல்லை, 1948ல மலையகத் தமிழரின்ர குடியுரிமை பறிச்சதும் 1956ல தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் 1983ல தமிழருக்கு எதிரான கலவரம் நடந்ததும் எல்லாம் உண்மை, அதின்ர வலி இண்டைக்கும் இருக்குது. ஆனா எங்கட ஊருக்குள்ள, எங்கட வீட்டுக்குள்ள ஆர் ஆருக்கு மேல நிக்கினம் எண்டு கேட்டால் கதையை மாத்திப் போடுவினம். இனத்தால வாறது, பொம்பிளை எண்டதால வாறது, உடம்பு ஏலாததால வாறது எல்லாம் தனித்தனியா வரிசையில நிண்டு வாறதில்லை, ஒண்டு வந்து மற்றதின்ர கதவைப் பூட்டுது. அது எப்பிடிப் பூட்டுது எண்டதைத்தான் இந்தக் குடும்பத்தை வைச்சுக் காட்டப் பாக்கிறன்.

அண்ணன்

சண்டை முடியச் சனத்தை வைச்சிருந்த மெனிக் ஃபாம் முகாமில இருந்து 2010ல ஊருக்கு வந்தவை. வந்து ரெண்டு வருசத்தில அண்ணனுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. தாய் சொன்ன கதை எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்குது, "கால் போனால் என்ன பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளை தானே." சீதனம் கொஞ்சம் குறைஞ்சுது, அவ்வளவுதான். வசதி குறைஞ்ச ஒரு வீட்டுப் பிள்ளை, நல்ல பிள்ளை, அவ வந்தாப் பிறகு கிணத்தில தண்ணி அள்ளி வைக்கிறதில இருந்து செயற்கைக் காலுக்குள்ள போடுற சொக்ஸ் தோய்க்கிற வரைக்கும் அவதான்.

பேந்து லீசிங்கில ஓட்டோ எடுத்தார். ஓட்டோவில பிரேக் வலது காலுக்கு, கிளச்சும் கியரும் இடது கையில, அப்ப இடது கால் இல்லாதவருக்கு ஓட ஏலும். இது தற்செயல், இதையும் கணக்கில எடுக்கத்தான் வேணும், தங்கச்சிக்கு வலது கால் போனதால அதே ஓட்டோவை மாத்தாமல் ஓட ஏலாது. ஆனா இடது கால் போயிருந்தாலும் அவவுக்கு ஓட்டோ எடுத்துக் குடுக்கிற யோசினை வீட்டில ஒருத்தருக்கும் வந்திருக்காது, நான் கேட்டுப் பாத்தனான், தாய் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு அடுப்படிக்குள்ள போட்டா.

ஆம்பிளை எண்டதால எல்லாம் லேசாப் போச்சு எண்டு நினைச்சிடாதேங்கோ. வன்னியில இருந்து வந்த இளம் தமிழ்ப் பெடியன், ஒரு கால் இல்லை, பாக்கிறவைக்கு உடன வாற கேள்வி "இயக்கமோ?", புலியோ எண்டது. கேக்கிறது ஆமி மட்டும் இல்லை, ஊர்ச் சனமும் அதைத்தான் கேட்டது. சீ.ஐ.டி எண்டு சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஆக்கள் வந்து போறது கன வருசம் நடந்தது, மாவீரர் நாள் வாற கார்த்திகை மாசம் வந்தால் கட்டாயம் வருவினம். தங்கச்சியையும் முகாமில விசாரிச்சவை, ஆனா இடுப்பில கைக்குழந்தையும் கழுத்தில தாலியும் இருந்ததால கெதியா விட்டிட்டினம். அதே காயம்தான், ஒரு தமிழ் ஆம்பிளையின்ர உடம்பில இருந்தால் சந்தேகம், ஒரு தமிழ்ப் பொம்பிளையின்ர உடம்பில இருந்தால் பரிதாபம். அவருக்கு இராத்திரியில நாய் குலைச்சால் இப்பவும் நித்திரை இல்லை.

தங்கச்சி

அவவுக்குக் கலியாணம் நடந்தது சண்டை உச்சத்துக்குப் போக முந்தி, ஊரில ரெண்டு பரப்புக் காணியும் ஒரு பழைய வீடும் சீதன உறுதி எழுதிக் குடுத்தது. மனுசன் முகாமில கூடத்தான் இருந்தவர். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில கொழும்புக்கு வேலைக்கு எண்டு போனார், பேந்து ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாடு, முதல் கோல் வந்தது, பிறகு கோலும் இல்லை, பிறகு அங்க ஒரு குடும்பம் எண்டு கேள்விப்பட்டது. விவாகரத்து இல்லை, காசும் இல்லை. இவ பெண் பிள்ளையோட அந்தச் சீதன வீட்டில.

இதில எனக்கு இண்டைக்கும் ஆறாத ஒரு கோபம் இருக்குது. மனுசன் விட்டிட்டுப் போனதைக் கேட்ட ஊர்ப் பொம்பிளையள் கனபேர் சொன்னது "அவனும் பாவம், எத்தினை நாளைக்குத்தான்..." எண்டு. அண்ணன்ர மனிசியைப் பாத்து ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லேல்லை, அவ செய்யிறது அவவின்ர கடமை. கால் இல்லாத ஆம்பிளையைப் பாக்கிறது மனிசியின்ர கடமை எண்டால், கால் இல்லாத மனிசியைப் பாக்கிறது மட்டும் எப்பிடி ஒரு மனுசனுக்குத் தியாகமாப் போகுது எண்டு எனக்கு விளங்கேல்லை.

அவவின்ர ஒரு நாளைச் சொல்லுறன். விடிய எழும்பினால் முதல் கால் போடோணும். இரவு கழட்டி வைச்ச கால், சொக்கெற்றுக்குள்ள (வெட்டின கால் இறங்கிற கிண்ணம்) ஈரம் இருந்தால் போட ஏலாது, வெட்டின இடத்தில தோல் உரிஞ்சு புண் வரும், புண் வந்தால் ஒரு கிழமைக்குக் கால் போட ஏலாது, அப்ப ஊண்டு தடிதான். யாழ்ப்பாணத்து வெயிலுக்குச் சித்திரை வைகாசியில வேர்வை நிண்டு அந்தப் புண் வந்துகொண்டே இருக்கும். கிணத்தடி சீமெந்து நிலம், பாசி, வழுக்கும், கப்பியில வாளி இழுக்கேக்க ரெண்டு கையும் கயித்தில இருக்கும், பிடிக்க ஒண்டும் இல்லை, அதால கிணத்துக் கட்டில வயித்தைச் சாத்தி முண்டு குடுத்துக்கொண்டு இழுப்பா. கக்கூஸ் வளவின்ர கோடிக்குள்ள, குந்தி இருக்கிற கக்கூஸ், முழங்கால் மடியுமே தவிர செயற்கைப் பாதம் மடியாது, அப்ப ஒரு காலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு சுவரைப் பிடிச்சு இருக்கோணும். ரவுணுக்குப் போற நாளில விடியத் தொடங்கித் தண்ணி குடிக்க மாட்டா, ஏனெண்டால் போற இடத்தில கக்கூஸ் எப்பிடி இருக்கும் எண்டு தெரியாது. அதால சலக்கடுப்பு, அதுக்கு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குப் பஸ். அண்ணன் ரவுணுக்குப் போனால் ஓட்டோவை ஒரு மதிலோரம் நிப்பாட்டுவார், பிரச்சினை முடிஞ்சுது.

இலங்கையில 2012 குடிசன மதிப்பீட்டில 5 வயசுக்கு மேற்பட்டவையில 8.7 வீதமானவைக்கு ஏதோ ஒரு வகையில பாக்கிறதிலயோ கேக்கிறதிலயோ நடக்கிறதிலயோ கஷ்டம் இருக்கெண்டு பதிஞ்சிருக்குது, அதில அரைவாசிக்கு மேல பொம்பிளையள். ஆனா கட்டடம், பஸ், கக்கூஸ் எல்லாம் கட்டினவை ரெண்டு கால் உள்ள ஒரு ஆம்பிளையை மனசில வைச்சுத்தான் கட்டினவை போல இருக்குது.

ஒரு கையெழுத்து

அவ வீட்டில மிளகாய், மல்லி வறுத்துத் தூள் செய்து விக்கிறவ. வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பிற சனம் வீடு தேடி வந்து வாங்கும், அவ்வளவு நல்ல தூள். வறுத்ததை மில்லுக்குக் கொண்டு போய்த் திரிச்சு வாறதுதான் பிரச்சினை, பையோட மினிபஸ்ஸில ஏறோணும், கொண்டக்ரர் "கெதியா ஏறுங்கோ அக்கா" எண்டு முதுகில தட்டுவான், படி முழங்கால் உயரம். சொந்தமா ஒரு அரைக்கிற மெஷின் போட்டால் வீட்டிலேயே எல்லாம் செய்யலாம். காணி இருக்குது, உறுதி இருக்குது, உறுதி அவவின்ர பேரில இருக்குது, அப்ப காணியை ஈடு வைச்சுப் பாங்கில லோன் எடுப்பம் எண்டு போனது.

பாங்கில கேட்டது மனுசன்ர கையெழுத்து.

தேசவழமை எண்டு நாங்கள் பெருமையாச் சொல்லுற எங்கட சட்டம். 1707ல ஒல்லாந்தர் எழுதி வைச்சது, 1806ல இங்கிலிஸ்காரன் சட்டமா ஏத்தினது, பேந்து 1911ல வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். அதின்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர பேரில இருக்கிற காணியை விக்கவோ ஈடு வைக்கவோ மனுசன் எழுத்தில சம்மதம் தரோணும். மனுசன் தன்ர காணியை விக்க மனிசியின்ர சம்மதம் தேவையில்லை. மரண சாசனம் எழுதி ஆருக்கும் குடுக்கிறதெண்டால் அவவுக்கு மனுசன்ர சம்மதம் தேவையில்லை, அதாவது செத்தாப் பிறகு அந்தக் காணி அவவின்ர முழு விருப்பம், உயிரோட இருக்கேக்க அரை விருப்பம். கொழும்பில இருக்கிற சிங்களப் பொம்பிளைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, மட்டக்களப்பில இருக்கிற தமிழ்ப் பொம்பிளைக்கும் இல்லை, அங்கயெல்லாம் 1923ல வந்த கலியாணமான பெண்களின்ர ஆதனச் சட்டப்படி தானே கையெழுத்து வைக்கலாம். வடக்குத் தமிழ்ப் பொம்பிளைக்கு மட்டும்தான் இது.

அரசியலமைப்பு 12வது உறுப்புரை பால் வேறுபாடு காட்டக் கூடாது எண்டு சொல்லுது. ஆனா 16வது உறுப்புரை அரசியலமைப்புக்கு முந்தி இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தாலும் செல்லும் எண்டு சொல்லுது. இன்னொண்டு, 12(2)ல இனம், மதம், மொழி, சாதி, பால் எல்லாம் வரிசையாப் போட்டிருக்குது, உடல் ஏலாமை அந்த வரிசையில இல்லை, அது 12(4)ல, விசேட ஏற்பாடு செய்யலாம் எண்ட இடத்திலதான் வருது. அதாவது அவவுக்கு ஒரு பக்கம் பழைய சட்டம் பூட்டு, மற்றப் பக்கம் புதுச் சட்டத்தின்ர அந்த வரிசையில பேரே இல்லை.

1911 சட்டத்தில ஒரு வாசல் இருக்குது. மனுசன் கைவிட்டிட்டுப் போனால், இருக்கிற இடம் தெரியாட்டி, நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, சம்மதம் தேவையில்லை எண்டு கட்டளை எடுக்கலாம். பாங்கிலயும் சரி முதல் போன, உறுதி எழுதிற நொத்தாரிசிட்டயும் சரி ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. "மனுசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டுதான் சொன்னவை. எங்க இருந்து கூட்டிக்கொண்டு வாறது?

வீட்டுக்கு வந்த கடன்

அந்த நேரம் வீட்டு வாசலுக்கு வந்தது நுண்கடன். காணி உறுதி கேக்கேல்லை, மனுசனைக் கேக்கேல்லை, மாடிப்படி ஏறச் சொல்லேல்லை, பக்கத்து வீட்டுப் பொம்பிளையளைக் குழுவாச் சேர்த்து ஒராளுக்கு மற்றவை பிணை, கிழமைக்குக் கிழமை வீட்டுக்கே வந்து காசு வாங்கினம். அவவிட்ட தானா வந்த ஒரே ஒரு நிதி நிறுவனம் அதுதான், எல்லாரிலும் கூட வட்டி வாங்கினதும் அதுதான். இதை நான் கனக்க யோசிச்சிருக்கிறன். வட்டி குறைஞ்ச பாங்கு எல்லாம் படிக்கட்டுக்கு மேல இருக்கேக்க, படிக்கட்டு ஏற ஏலாத சனத்துக்கு எண்டு விலை கூடின கடன் தானாக் கீழ இறங்கி வருது.

வடக்கில, கிழக்கில, வடமத்தியில எல்லாம் பொம்பிளையள் இந்தக் கடனால பட்ட பாடு தெரிஞ்சதுதான். 2018ல மத்திய வங்கி 35 வீதம் எண்டு வட்டிக்கு உச்சம் வைச்சுது, அப்ப அதுக்கு முந்தி எவ்வளவு எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. அதே வருசம் அரசாங்கம் வறட்சி பாதிச்ச 12 மாவட்டப் பொம்பிளையளின்ர ஒரு லட்சம் ரூபா வரைக்குமான கடனைத் தள்ளுபடி செய்யிறதா அறிவிச்சுது, ஆனா அது மூண்டு மாசத்துக்கு மேல கட்டாமல் விட்ட கடனுக்கு. இவ தோட்டை அடைவு வைச்சு, காப்பை அடைவு வைச்சு ஒழுங்காக் கட்டினவ. குழுவில மற்றவைக்குப் பாரம் வரக்கூடாது எண்டு கட்டினவ. அதால ஒரு சதமும் தள்ளுபடி இல்லை.

மேசை மேசையா

இந்த இடத்திலதான் நாங்கள் அவவோட திரியத் தொடங்கினது. ஒரு ஒபிஸில மகளிர் விசயம் பாக்கிற உத்தியோகத்தர், நல்ல மனிசி, பெண் தலைமைக் குடும்பத்துக்கான உதவிப் பட்டியலைப் பாத்தா. "மனுசன் உயிரோட இருக்கிறார், விவாகரத்தும் இல்லை, விதவையும் இல்லை, எந்தப் பகுதியில போடுறது" எண்டு கேட்டா. பேந்து "நீங்கள் மாற்றுத்திறனாளி தானே, சமூக சேவையில கேளுங்கோ" எண்டு அனுப்பினா. சமூக சேவை மேசையில சுயதொழில் உதவி குடும்பத்துக்கு ஒண்டு எண்டார், குடும்ப அட்டை அப்ப இன்னும் தாய் வீட்டோட இருந்தது, அண்ணன் ஓட்டோவுக்கு ஏற்கெனவே எடுத்திட்டார். "நீங்கள் பொம்பிளை தலைமை தாங்கிற குடும்பம் எண்டால் மகளிர் பக்கத்தில வரும்" எண்டு திருப்பி அங்கயே அனுப்பினார். ரெண்டு மேசைக்கும் இடையில ஒரு மாடி. கீழ மேல எண்டு அவ அண்டைக்கு ஏறி இறங்கினதில காலில புண் வந்து அடுத்த கிழமை முழுக்க வீட்டில.

ஒபிஸ் வாசலில ஒரு றாம்ப் இருந்தது, அதையும் சொல்லோணும். செங்குத்தா, கைபிடி இல்லாமல், டைல்ஸ் பதிச்சு. கீழ ஊழியரின்ர மோட்டச்சைக்கிள் வரிசையா நிப்பாட்டி இருந்தது. மாற்றுத்திறனாளிக்கான கக்கூஸும் இருந்தது, அதின்ர திறப்பு ஆரிட்ட எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. 1996ல மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்குச் சட்டம் வந்தது, 28ம் இலக்கச் சட்டம். 2006ல அணுகு வசதிக்கு ஒழுங்குவிதி வந்தது. 2011ல உச்ச நீதிமன்றமே பொதுக் கட்டடம் கட்டினால் அணுகு வசதி இருக்கோணும் எண்டு கட்டளை போட்டது, அந்த வழக்கைப் போட்டவர் சக்கர நாற்காலியில இருந்த கலாநிதி அஜித் பெரேரா. 2016ல மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றது. அரசாங்க வேலையில 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு எண்ட சுற்றறிக்கை 1988லேயே வந்திட்டுது. தாளில குறை இல்லை.

அந்த ரெண்டு மேசைக் கதை எனக்கு ஞாபகப்படுத்திறது அமெரிக்காவில நடந்த ஒரு வழக்கை. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கு எதிரா ஐந்து கறுப்பினப் பொம்பிளையள் போட்டது, டிகிராஃபென்ரீட் வழக்கு, தீர்ப்பு 1976ல. அந்தக் கம்பனி 1964க்கு முந்தி கறுப்பினப் பொம்பிளையளை வேலைக்கு எடுத்ததே இல்லை. பேந்து எடுத்துது, ஆனா ஆள் குறைக்கேக்க கடைசியா வந்தவை முதல் போகோணும் எண்டு விதி, அப்ப போனது இவைதான். கோட்ஸ் என்ன சொன்னது தெரியுமோ, கம்பனி பொம்பிளையளை எடுத்திருக்குது தானே (அவை ஒபிஸ் வேலை செய்த வெள்ளைக்காரப் பொம்பிளையள்), அப்ப பால் பாகுபாடு இல்லை. கறுப்பினத்தவர் எண்ட முறைப்பாட்டை வேற வழக்கோட சேருங்கோ, ரெண்டையும் சேத்து ஒரு புது வகை உண்டாக்க ஏலாது எண்டுது. 1989ல கிம்பர்லி கிரென்ஷா எண்ட சட்டப் பேராசிரியர் இந்த வழக்கை எடுத்து வைச்சுத்தான் ஒண்டுக்குமேல் ஒண்டா விழுற பாகுபாட்டைச் சட்டம் காணேல்லை எண்டு வாதாடினவ. அந்தக் கறுப்பினப் பொம்பிளையளின்ர வரலாறு அடிமை முறையில இருந்து வாற வேற வரலாறு, எங்கடதோட ஒப்பிட்டுக் குழப்பக் கூடாது. ஆனா மேசைக்கு இந்தப் பக்கம் நிண்டு "எந்தப் பகுதியில போடுறது" எண்ட கேள்வியைக் காதால கேட்டவைக்கு அந்தத் தீர்ப்பை வாசிக்கேக்க நெஞ்சு எரியும்.

கொழும்பில இருந்து வந்த கடிதம்

இதுக்கிடையில நாங்கள் ஒரு திணைக்களத்துக்கு நேரா விண்ணப்பம் போட்டிருந்தம். பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில. தமிழும் அரசகரும மொழி எண்டு 1987ல 13வது திருத்தம் சொல்லுது, வடக்கில நிர்வாக மொழியே தமிழ். கடிதத்தை விதானையாருக்கும் (கிராம சேவகர்) வாசிக்கத் தெரியாது. கடைசியில ஆமிக் காம்ப் பக்கத்தில தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிற ஒருவர் வாசிச்சுச் சொன்னவர், ஏதோ ஒரு வைத்தியச் சான்றிதழ் கேட்டிருக்கினம், குடுக்க வேண்டிய திகதி அப்பவே போட்டுது. ஒரு தமிழ் ஆம்பிளைக்கு, ரெண்டு கால் உள்ளவருக்கு இந்தக் கடிதம் வந்தால் சைக்கிளை எடுத்து ரவுணுக்குப் போய் அண்டைக்கே வாசிப்பிச்சிருப்பார். அவவுக்கு அந்தக் கடிதம் கிழமைக் கணக்கில சாமித்தட்டில கிடந்தது.

அதே சண்டையில, அதே மாதிரிக் கால் இழந்த ஒரு ஆமிக்காரனை எடுங்கோ. அவருக்கு ஓய்வூதியம் இருக்குது, ஆமிக்காரருக்கும் அவையின்ர குடும்பத்துக்கும் எண்டு 1999ல சட்டம் போட்டு உருவாக்கின ரணவிரு சேவை அதிகாரசபை இருக்குது. எங்கட பக்கத்துச் சாதாரண சனத்துக்கு அப்பிடி ஒரு சபை இல்லை, ஏலாதவைக்கான மாசாந்தக் கொடுப்பனவுக்கு வரிசையில நிக்கோணும். 2025 வரவு செலவுத் திட்டத்தில அது பத்தாயிரம் ரூபாவாக் கூடினது, ஒரு செயற்கைக் காலின்ர தேய்மானத்துக்கும் ஓட்டோக் காசுக்கும் அது எந்த மூலைக்கு? அந்த ஆமிக்காரன்ர ஊரும் அனேகமா ஒரு ஏழைக் கிராமம்தான், அவருக்கும் வலி இருக்குது, அவற்ற காசைப் பறிச்சு இஞ்ச தா எண்டு நான் கேக்கேல்லை. ஒரே சண்டையில போன ரெண்டு கால், ஒண்டை அரசாங்கம் தியாகம் எண்டு எழுதுது, மற்றதைச் சமூக சேவைக் கோப்பில போடுது.

அவவிட்ட இருந்தது

இனி எங்கட ஆக்களுக்குப் பிடிக்காத பகுதி.

கடைசியில நாங்கள் போன நொத்தாரிஸ் அவவைக் கண்டவுடன எழும்பி "இருங்கோ பிள்ளை" எண்டு கதிரை இழுத்துப் போட்டார், தேப்பன்ர பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், "ஓ, அவையோ" எண்டார். அந்தக் கேள்வி எதுக்கு எண்டு யாழ்ப்பாணத்தில பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதே ஒபிஸில, அதே கிழமையில, வேற ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தம். அவவின்ர தாய் தேப்பன் மலையகத்தில இருந்து 1977 கலவரத்தோட வன்னிக்கு வந்தவை, அவவுக்கும் மிதிவெடியில கால் போனது. அவவை நிக்க வைச்சுத்தான் கதைச்சது. "உனக்கு என்ன வேணும்" எண்டு. அவ கனக்க நேரம் ஊண்டு தடியோட நிண்டவ, நான் கதிரையைத் தள்ளிக் குடுத்தாப் பிறகும் இருக்கத் தயங்கினவ.

அந்த அக்காவுக்குத் தேசவழமைப் பிரச்சினையே இல்லை, ஏனெண்டால் உறுதிக் காணியே இல்லை. இருந்தது அரசாங்கக் காணிக்கு அனுமதிப்பத்திரம், அதுவும் செத்துப்போன தேப்பன்ர பேரில. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில 2022ல திருத்தம் வரும் வரைக்கும், தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு பின்னுரித்தாளரை எழுதாமல் செத்தால் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை. அவவின்ர தம்பி எடுத்திட்டான். எங்கட தங்கச்சிக்குக் கையெழுத்து இல்லாமல் காணி முடங்கிக் கிடந்தது, அந்த அக்காவுக்கு முடங்கிறதுக்கே ஒண்டும் இல்லை.

சாதி எல்லாம் சண்டையோட போட்டுது எண்டு சொல்லுறவை இருக்கினம். 1957ல சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது, அதுக்கு 11 வருசத்துக்குப் பிறகும் 1968ல மாவிட்டபுரத்தில கோயிலுக்குள்ள விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசலில இருந்து அடி வாங்கினது. அடிச்சது சிங்களவன் இல்லை. இப்ப ஆரும் வாசலில நிண்டு அடிக்கிறதில்லை, ஊரைக் கேட்டிட்டுக் கதிரை போடுறதா விடுறதா எண்டு தீர்மானிக்கினம். தங்கச்சியிட்ட நான் இதைக் கதைச்சனான், அந்த அக்காவை நிக்க வைச்ச கதையை. அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு "எனக்கு அவர் கதிரை தந்தது காலுக்காக எண்டெல்லோ நினைச்சன்" எண்டா.

எனக்கும் இதில பங்கு இருக்குது. ரெண்டு காலாலயும் நடக்கிறன், கம்பஸ் படிச்சனான், ஒபிஸில போய் இங்கிலிஸில ரெண்டு வசனம் கதைச்சால் ஃபைல் எழும்பி வருது. அவ தனியப் போன நாளில நடக்காத வேலை நான் கூடப் போன நாளில நடந்திருக்குது, உத்தியோகத்தர் ஒரே ஆள், ஃபோர்மும் ஒரே ஃபோர்ம்.

எது அசைஞ்சுது

முதல் அசைஞ்சது குடும்ப அட்டை. தாய் வீட்டில இருந்து பிரிச்சுத் தனிக் குடும்பமாப் பதிஞ்சது, சின்ன விசயம், ஆனா அதோட "குடும்பத்துக்கு ஒண்டு" எண்ட பூட்டுத் திறந்தது. ரெண்டாவது, மகளிர் உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒரே நாளில, ஒரே மேசையில, கீழ் மாடியில இருத்திக் கதைச்சது. இதுக்குப் புதுச் சட்டமோ காசோ தேவைப்படேல்லை, மேல இருந்தவர் கீழ இறங்கி வந்தார், அவ்வளவுதான். அந்த மகளிர் உத்தியோகத்தர் பேந்து தன்ர பட்டியலில "கைவிடப்பட்டவர்" எண்டு கையால ஒரு கோடு போட்டு ஒரு பகுதி உண்டாக்கினா, அதில அந்தப் பிரிவில இன்னும் கனபேரின்ர பேர் வந்தது.

மூண்டாவதுதான் பெரிசு, சட்ட உதவி ஆணைக்குழு மூலமா 1911 சட்டத்தின் கீழ மனு. மனுசனைத் தேடினதுக்கு ஆதாரம், விதானையாற்ற கடிதம், பத்திரிகை அறிவித்தல் எண்டு இழுபட்டுது, கொரோனாவில கோட்ஸ் பூட்டினது, தவணை தள்ளித் தள்ளிப் போனது. வழக்கு நாளில அண்ணன்தான் ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனவர், ஒரு நாளும் பிந்தினதில்லை, அதையும் எழுதத்தான் வேணும். "நான் நடக்க வேணுமெண்டு எல்லாரும் ஓடித் திரிஞ்சவை, இவளுக்கு ஒருத்தரும் ஓடேல்லை, நானும்தான்" எண்டு அவர் ஒருக்கா கோட்ஸ் வாசலில வைச்சுச் சொன்னவர். 2021 கடைசியில கட்டளை கிடைச்சது, மனுசன்ர சம்மதம் தேவையில்லை. ஈடு வைச்சு, நுண்கடனைக் கட்டி முடிச்சு, மெஷின் வாங்கினா. 2022ல கரண்ட் இல்லை, ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினவை, மெஷின் சும்மா கிடந்தது, வட்டியும் ஏறினது, அந்த வருசத்தை எப்பிடித் தாண்டினா எண்டு எனக்கு இப்பவும் அதிசயம். இப்ப ஓடுது. பக்கத்து ஊர்ச் சனமும் அவவிட்டத் திரிக்கக் கொண்டு வருது.

கிணத்தடியில ஒரு மோட்டர் போட்டாச்சு, கொமட் கக்கூஸ் ஒண்டும் கைபிடியும் வீட்டோட சேத்துக் கட்டினது. என்னைக் கேட்டால் மெஷினை விட அவவின்ர உடம்பைக் காப்பாத்தினது அந்தக் கக்கூஸ்தான், சலக்கடுப்பு நிண்டிட்டுது.

ஒபிஸ் றாம்ப் இன்னும் அதே றாம்ப்தான். மோட்டச்சைக்கிள் நிப்பாட்ட வேற இடம் குடுத்திருக்கினம், சிலர் இன்னும் அங்கதான் விடுகினம். அண்ணன்ர வீட்டுக்குச் சீ.ஐ.டி எண்டு ஆக்கள் வந்து விசாரிக்கிறது குறைஞ்சிருக்குது, முழுசா நிக்கேல்லை. மற்ற அக்காவின்ர காணி விசயம் தம்பியோட பேச்சுவார்த்தையில நிக்குது. 2022 திருத்தம் அவவின்ர தேப்பன் செத்த காலத்துக்குச் செல்லாது எண்டு ஒரு லோயர் சொன்னவர், வேற ஒராளிட்டயும் கேக்கிறம்.

தங்கச்சி இப்ப 1999 பராமரிப்புச் சட்டத்தின் கீழ மகளுக்குக் காசு கேட்டு மனுசனுக்கு எதிரா வழக்குப் போட முடிவெடுத்திருக்கிறா. வெளிநாட்டு விலாசம் எடுக்கிறதுதான் முதல் வேலை. மனுசன்ர தமக்கை ரவுணில இருக்கிறா, அவவுக்கு விலாசம் தெரியும், வாற கிழமை தங்கச்சியும் அண்ணன்ர மனிசியும் சேந்து போய்க் கேக்கப் போயினம். அண்ணன்ர மனிசி தானே கேட்டு வாறதாச் சொன்னது, ஒருத்தரும் கேக்காமல்.